பிறையும் அளவுகோலும்

சகோதரர்களே! ரமலான் 29ஆம் நாள் மாலை பிறை பார்க்கும் இடங்களுள் நம் பந்திங்கை அடுத்த புக்கிட் ஜுக்ராவும் ஒன்று. அங்கே கண்ணுக்குத் துணையாகக் கணிதமும் தொலைநோக்கியும் நிற்கின்றன.

சூரியன் மறையும் வேளையில் பிறை அடிவானத்துக்கு மேல் 2 பாகை உயர்ந்து, சூரியனைவிட்டு 3 பாகை விலகியிருந்தால் அது காணத்தக்கது என்று முன்பு நம் நாட்டில் கொண்டனர். அத்தனை நெருக்கத்தில் கீற்று மிக மெல்லியது. அந்தி வெளிச்சம் அதை விழுங்கிவிடும். பல்லாண்டுப் பதிவுகளால் இது தெளிவாயிற்று. எனவே 2021 முதல் அவ்வளவுகள் 3 பாகை, 6.4 பாகை என உயர்ந்தன. பழைய கணக்கில் பெருநாள் இரவாகும் சில மாலைகள், புதிய கணக்கில் முப்பதாம் நோன்பின் இரவாகின்றன.

அப்படியானால் நம் பெரியோர் கொண்டாடிய பெருநாள்கள் பிழையா? அல்ல. அரிசித் தராசில் நேர்மையாய் எடைபோட்டவரை, பின்னால் பொன் தராசு வந்துவிட்டதென்று கள்ள வியாபாரி என்போமா? சந்திரன் தன் வழி மாறவில்லை. நம் அறிவே கூடிற்று.

ஆதலால் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு முன்னோரைப் பழிக்கவும் வேண்டாம்; புதுக் கணக்கை வெறுக்கவும் வேண்டாம். நாளை வரும் கருவி நம் அளவையும் திருத்தக் கூடும். பணிவோடு கற்போமாக!