விசிறி நின்றது, கிளட்ச் வழுக்கியது

சென்ற மே மாதம் ஒரு நண்பகல். மேம்பாலம் ஒன்றை ஏறி இறங்கி வந்த நான், மூடியிருந்த ரயில்வே கேட்டின் முன் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த வண்டி அது. 150 கன சென்டிமீட்டர் எஞ்சின், நீரால் குளிர்விக்கப்படும் வகை. சிறிது நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஆவியும் கிளம்பியது. பதற்றத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, கைக்குட்டையைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன்.

“சார், கையை எடுங்க! தொறந்தா முகமே வெந்துடும்!” என்று கத்தினார் எதிரே கடை வைத்திருந்த முதிய மெக்கானிக்.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அன்று பாடம் சொன்னவர் அவர்தான். குக்கரில் நடப்பதே ரேடியேட்டரிலும் நடக்கிறது. மூடி, உள்ளே காற்றழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோகிராம் கூடுதலான அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை நீராகவே இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் சட்டென்று குறையும். 100 டிகிரிக்கு மேலுள்ள நீர் அக்கணமே கொதித்துச் சீறிப் பாயும். ஆகவே மாணவர்களே, எஞ்சின் நன்கு ஆறும் வரை அந்த மூடியைத் தொடவே கூடாது.

வெப்பம் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.2 கோடி ஜூல் ஆற்றல் உள்ளது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி, மணிக்கு ஒரு லிட்டரை எரிக்கிறது. 3.2 கோடியை 3,600 விநாடிகளால் வகுத்தால் ஏறத்தாழ 8,900 வாட் கிடைக்கும். இதில் கால் பங்கு அளவே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, அதாவது 3,000 வாட்டை, குளிர்விக்கும் அமைப்புதான் வெளியேற்ற வேண்டும். மூன்று மின்சார இஸ்திரிப் பெட்டிகளின் வெப்பம் இது!

இதைச் செய்ய மூன்று வழிகள் உண்டு. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டில் எஞ்சினைச் சுற்றியுள்ள உலோக மடிப்புகள் எதிர்காற்றில் ஆறுகின்றன. பஜாஜ் சேத்தக் போன்ற பழைய ஸ்கூட்டர்களில் எஞ்சின் மறைவாக இருப்பதால், அதன் சுழல் சக்கரத்திலேயே விசிறி உண்டு. எஞ்சின் சுழலும்போதெல்லாம் அதுவும் சுழலும். நீரால் குளிரும் வண்டியில், ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரை ஆற்றுகிறது. நிற்கும்போது காற்று ஏது? அப்போது மட்டும், நீர் சுமார் 100 டிகிரியை நெருங்கியதும், மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும்.

இதிலிருந்தே முதல் துப்பு கிடைக்கிறது. நெரிசலில் மட்டும் சூடேறி, ஓடும்போது சரியாகிவிட்டால் விசிறியைச் சந்தேகிக்கலாம். ஓடும்போதும் சூடேறினால் நீர்க்குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, பம்பு, தெர்மோஸ்டாட் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

விசிறி ஏன் சுழலவில்லை?

“புது விசிறி வாங்கிவிடலாமா அண்ணே?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “அது செத்துப்போச்சான்னு முதல்ல பாத்துக்கணும் இல்லையா சார்?”

பாட்டரி, ஃபியூஸ், விசிறி மோட்டார், வெப்ப ஸ்விட்ச், வண்டியின் சட்டம் என ஒரு சங்கிலியாகவே மின்சாரம் செல்கிறது. ஒரு கண்ணி அறுந்தாலும் விசிறி நிற்கும். வண்டி ஆறிய பிறகு அவர் நீர்மட்டத்தைப் பார்த்தார். நீர் குறைந்து ஸ்விட்சைச் சுற்றிக் காற்று தங்கினால் அது வெப்பத்தைச் சரியாக உணராது. நீர் சற்றே குறைந்திருந்தது. ஸ்விட்ச் நீருக்குள்தான் இருந்தது. அடுத்து ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பிறகு வெப்ப ஸ்விட்சுக்குச் செல்லும் ஒற்றைக் கம்பியைக் கழற்றி, சாவியைப் போட்டு, கம்பியின் நுனியை வண்டியின் சட்டத்தில் தொட்டார். விசிறி விர்ரென்று சுழன்றது!

இந்த ஒரே சோதனை பாட்டரி, ஃபியூஸ், மோட்டார், கம்பி ஆகிய நான்கையும் குற்றமற்றவை என்று காட்டிவிட்டது. எஞ்சியது ஸ்விட்ச் ஒன்றே. விசிறி சுழலாதிருந்தால், அதைப் பாட்டரியோடு நேராக இணைத்து மோட்டாரைச் சோதித்திருப்பார்.

கிளட்ச் வழுக்கியது ஏன்?

மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் உறுமியதே தவிர, வேகம் கூடவில்லை என்றும் அவரிடம் சொன்னேன். இது கிளட்ச் வழுக்குவதன் அடையாளம். லீவரை முழுதும் பிடித்தும் கியரில் உள்ள வண்டி முன்னே நகர்ந்தால், அது நேர் எதிரான கோளாறு. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள்.

கிளட்சில் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளால் அழுத்தப்பட்டிருக்கும். ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஸ்பிரிங்குகளின் மொத்த விசை 1,000 நியூட்டன். எண்ணெயில் நனைந்த தட்டுகளின் உராய்வுக் கெழு 0.1, சராசரி ஆரம் 0.05 மீட்டர், உராயும் பரப்புகள் 10. கிளட்ச் தாங்கும் திருப்புத்திறன்:

1,000 × 0.1 × 0.05 × 10 = 50 நியூட்டன் மீட்டர்.

எஞ்சின் 14 நியூட்டன் மீட்டர் தந்து, பற்சக்கரங்கள் அதை மூன்று மடங்காக்கினால் கிளட்சுக்கு வருவது 42. 50 தாங்கும் கிளட்ச் வழுக்காது. ஆனால் ஸ்பிரிங் விசை 800 நியூட்டனாகக் குறைந்தால் தாங்குவது 40 மட்டுமே. முழு வேகம் கொடுத்ததும் வழுக்கும்.

விசை குறைந்தது எப்படி? மெக்கானிக் லீவரை அசைத்துப் பார்த்தார். சிறிது கூடத் தளர்வு இல்லை. ஒரு மாதத்துக்கு முன் கேபிளை இறுக்கியது நானே! லீவர் தொளதொளவென்று இருக்கிறதே என்று, அந்தத் தளர்வு எதற்கென்று அறியாமல் இறுக்கிவிட்டேன். இறுகிய கேபிள், கையால் லீவரைச் சற்றே பிடித்திருப்பது போல ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொண்டது. லீவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்வு வைத்ததும் வழுக்கல் நின்றது. அப்படியும் வழுக்கினால் எண்ணெய் வகை, தட்டுகளின் கனம், ஸ்பிரிங்கின் நீளம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். காருக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் உண்டு. கிளட்சுக்கு அவை ஆகா.

இரு கோளாறுகள், ஒரே வெப்பம்

வழுக்கும்போது தட்டுகளுக்கிடையே நிமிடத்துக்கு 200 சுற்று வேறுபாடு இருந்தால், அது விநாடிக்கு 21 ரேடியன். 40 × 21 = 840 வாட். ஏறத்தாழ இன்னோர் இஸ்திரிப் பெட்டி! அந்த வெப்பம் எண்ணெயில் ஏறி எஞ்சினைச் சேர்கிறது. கிளட்ச் வெப்பத்தைக் கூட்டியது. வேலைசெய்யாத ஸ்விட்ச், வெப்பம் வெளியேறாமல் தடுத்தது. இரு கோளாறுகளும் கேட்டின் முன் ஒன்றுகூடின. அவர் தனித்தனியே சோதித்ததால்தான் இரண்டும் அகப்பட்டன. மாற்றிய பொருள் ஒரு சிறிய ஸ்விட்ச் மட்டுமே. நான் நினைத்தபடி விசிறியை வாங்கியிருந்தால், மறுநாளும் அதே கேட்டில் ஆவி கிளம்பியிருக்கும்.

சங்கிலியைப் பகுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்து, விடை கிடைத்த பின்னரே பொருளை மாற்றுவது ஆய்வுக்கூட முறை அல்லவா? அந்த முதியவரிடம் அது கைப்பழக்கமாகவே இருந்தது. நீங்களாக இச்சோதனைகளில் இறங்காமல், தெரிந்தவர் அருகே நின்று கவனியுங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் விசிறி திடீரெனச் சுழலும், விரலை விடாதீர்கள்.

சிந்திக்க

1. 102 டிகிரியில் இணையும் வெப்ப ஸ்விட்சைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் வெறும் நீரில் சோதிக்க இயலுமா? ஏன்?

2. மேற்கண்ட கணக்கில் ஸ்பிரிங் விசை 900 நியூட்டனானால் கிளட்ச் வழுக்குமா?

3. பழைய ஸ்கூட்டரின் விசிறிக்கு வெப்ப ஸ்விட்ச் தேவைப்படாதது ஏன்?