மட்டையும் பந்தும்: வீட்டிலேயே ஒரு முதற்பாடம்

நோயிலிருந்தோ எலும்பு முறிவிலிருந்தோ தேறிய குழந்தையை மீண்டும் எப்போது விளையாட விடலாம் என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. எப்போது என்பதை மருத்துவரே கூற வேண்டும். எப்படித் தொடங்குவது என்பதை வீட்டார் அறிந்திருத்தல் நலம். பல வாரங்கள் படுக்கையில் இருந்த குழந்தை நேரே வீதி ஆட்டத்தில் சேர்ந்தால் பந்தைத் தவறவிடும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பர். பிறகு ஓரமாக நின்று பந்து பொறுக்கிக் கொடுப்பதே அதன் பங்காகிவிடும். அந்நிலை வாராமல் காப்பதற்கே இப்பாடம்.

பந்து வரும்போது சிறு குழந்தைகள் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வது இயல்பு. அது கோழைத்தனம் அன்று. கண்ணும் கையும் இணைந்து இயங்க இன்னும் பழகவில்லை என்பதே பொருள். நான்கு வயதுக் குழந்தை பந்தை மார்போடு அணைத்தே பிடிக்கும். கைகளால் மட்டும் பிடிக்கும் திறன் பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில்தான் அமைகிறது. ஆகவே முதலில் பந்து மெதுவாக வர வேண்டும். மென்மையாக இருக்க வேண்டும். அருகிலிருந்து வர வேண்டும். அச்சம் புகாவிடில் திறன் தானே வளரும்.

உருட்டுதல்: பள்ளத்தூர் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் உள்ள வளவு இதற்கு ஏற்ற இடம். எதிரெதிரே கால்களை அகற்றி அமர்ந்து பந்தை உருட்டுங்கள். ஐயாவும் அப்பத்தாவும் அமர்ந்தபடியே கற்பிக்கலாம். காலில் மாவுக்கட்டு உள்ள குழந்தையும் மருத்துவர் இசைந்தால் நாற்காலியில் இருந்தவாறு துணிப்பந்தைப் பிடித்துப் பழகலாம்.

பிடித்தல்: இரண்டடித் தொலைவிலிருந்து துணிப்பந்தைக் கீழ்க்கையாக மார்பளவுக்குப் போடுங்கள். முழங்கை சற்று மடங்கி, விரல்கள் விரிந்திருக்கட்டும். பந்து கையில் பட்டதும் கைகளை உடலை நோக்கி இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எறிதல்: வலக்கையால் எறியும் குழந்தை இடக்காலை முன்வைத்து, இடத்தோள் இலக்கை நோக்குமாறு நிற்க வேண்டும். சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்த வட்டமே இலக்கு.

அடித்தல்: நிறுத்தி வைத்தால் கைப்பிடியின் நுனி இடுப்பைத் தாண்டாத, எடை குறைந்த மட்டையே ஏற்றது. முதலில் கவிழ்த்த குவளையின்மேல் வைத்த பந்தை அடிக்கட்டும். அடுத்து, பழைய காலுறையில் பந்தை இட்டுக் கயிற்றில் தொங்கவிடுங்கள். அதன் பின்னரே உருண்டு வரும் பந்து. அடித்தபின் மட்டையை வீசி எறியக் கூடாது என்பதையும் முதல் நாளே பழக்குங்கள்.

சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் வலக்கை மெலிந்த பி.எஸ். சந்திரசேகர் அக்கையாலேயே பந்து வீசினார். 1971இல் இலண்டன் ஓவல் ஆடுகளத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு வழிவகுத்தார். 58 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எடுத்தவை 242 விக்கெட்டுகள். எல்லாக் குழந்தைகளும் அவ்வாறு ஆக வேண்டுவதில்லை. ஆனால் மெலிந்த கை என்பதற்காக எக்குழந்தையையும் ஆட்டத்துக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை.

கண்ணைக் காத்தல் இன்றியமையாதது. கிரிக்கெட் பந்து ஏறத்தாழ 160 கிராம் எடை உள்ளது. டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. எனினும் வேகமாக வந்தால் டென்னிஸ் பந்தும் கண்ணைக் காயப்படுத்தும். கிட்டிப்புள்ளின் கூரிய முனை அதனினும் கொடியது. புள்ளுக்கு எதிரே எவரையும் நிற்க விடாதீர்கள். கண்ணில் அடிபட்டால் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. மருந்தோ தாய்ப்பாலோ விடக் கூடாது. கண்ணில் படாதவாறு ஒரு காகிதக் குவளையால் மூடி, உடனே கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தலையில் அடிபட்ட குழந்தை வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

நாள்தோறும் கால் மணி நேரம் போதும். மூச்சு வாங்கினாலோ வலி தோன்றினாலோ அன்றைக்கு அவ்வளவே. நலமாக இருப்பினும், “இன்னும் ஒரு பந்து” என்று குழந்தை கேட்கும் வேளையிலேயே நிறுத்திவிடுங்கள். மறுநாள் மட்டையை அதுவே எடுத்து வரும்.