சாப்பாட்டறையில் தாய்க்கும் ஒரு கதிரை

எம்மாவுசுக்குச் சென்ற சீடர் இருவரும் வழியிலே ஆண்டவரை அறியவில்லை, பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டபோதே அறிந்துகொண்டனர் (லூக். 24:30-31). இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது. அத்திருச்சபை நாளாந்தம் கூடுமிடம் நமது சாப்பாட்டறையே.

அதை அலங்கரிக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. தோய்த்த மேசைச்சீலை, முற்றத்து நந்தியாவட்டைப் பூ, தூசி துடைத்த இராப்போசனப் படம் ஆகியவை போதும். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், கைத்தொலைபேசிகளை வேறிடத்தில் வையுங்கள். எதிர்பாராது வரும் விருந்தினருக்கென ஒரு கதிரை மேலதிகமாக இருக்கட்டும்.

ஆனால், எல்லோருக்கும் பரிமாறிய தாய் குசினியில் தனியே மிச்சத்தை உண்பாராயின், அலங்காரமெல்லாம் வீணே. சோறு கறிகளை முதலிலேயே மேசைக்குக் கொண்டுவாருங்கள். தாயும் அமர்ந்தபின், பிள்ளையொன்று செபம் சொல்லட்டும். இன்றிரவே தொடங்குவீர்களா?