சப்வூஃபரும் தொப்பியின் நாதமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஹோம் தியேட்டர் ஒலியமைப்பின் 5.1 என்பதிலுள்ள ‘புள்ளி ஒன்று’, தாழொலிப் பெட்டியாகிய சப்வூஃபரைக் குறிக்கிறது, ஆகவே அந்தப் பெட்டி திரைப்படம் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது பெட்டியைக் குறிப்பதன்று. இடி, வெடி போன்ற ஆழ்ந்த ஒலிகளுக்காகப் படத்தின் ஒலிப்பதிவிலேயே, 120 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களுக்கென ஒதுக்கப்பட்ட எல்.எஃப்.இ. என்னும் தனித்தடத்தைக் குறிப்பது. சப்வூஃபர் அத்தடத்தோடு, மற்ற ஸ்பீக்கர்களால் திறம்பட எழுப்ப இயலாத தாழொலிகளையும் ஏற்று ஒலிக்கிறது; எந்த ஒலி எந்தப் பெட்டிக்குச் செல்ல வேண்டும் என ரிசீவர் பிரித்தனுப்பும் இப்பணியே பாஸ் மேனேஜ்மென்ட் எனப்படுகிறது. திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையின் ஸ்டீரியோ பதிவில் எல்.எஃப்.இ. தடமே இல்லை, ஆயினும் ரிசீவரைச் சரியாக அமைத்த வீட்டில், மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியின் ஆழ்ந்த நாதத்தில் ஒரு பகுதி சப்வூஃபரிலிருந்தே வருகிறது, நாதஸ்வரமும் வயலினும் முன் ஸ்பீக்கர்களிலேயே நிற்கின்றன.

டவர் ஸ்பீக்கர்களை ரிசீவரில் ‘லார்ஜ்’ என்றே குறிக்க வேண்டும், ‘ஸ்மால்’ என்றால் தரம் குன்றிவிடும் என்பதும் தவறு. இச்சொற்கள் பெட்டியின் உருவத்தைப் பற்றியவை அல்ல: ‘ஸ்மால்’ என்றால் கிராஸ்ஓவர் எனப்படும் எல்லைக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குத் திருப்பப்படும், ‘லார்ஜ்’ என்றால் முழு ஒலியும் அந்த ஸ்பீக்கருக்கே போகும். பெரும்பாலான வீடுகளுக்கு ‘ஸ்மால்’, 80 ஹெர்ட்ஸ் என்பதே நல்ல தொடக்கம். அந்த எல்லைக்குக் கீழே ஒலி வரும் திசையைக் காது எளிதில் கண்டறியாது, ரிசீவரின் ஆம்ப்ளிஃபயருக்கும் சுமை குறையும். சப்வூஃபரின் பின்புறம் உள்ள கிராஸ்ஓவர் குமிழை உச்சத்தில் விட்டுவிட வேண்டும். இல்லையேல் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்படும்.

திசை தெரியாத ஒலி என்பதால் பெட்டியை எந்த மூலையில் வைத்தாலும் ஒன்றுதான் என்னும் நம்பிக்கைதான் மிகுந்த கேட்டை விளைவிக்கிறது. முற்றம் திறந்த பழைய தஞ்சை வீடுகளில் தாழொலியின் ஒரு பகுதி வெளியேறிவிடும். இன்றைய கான்கிரீட் கூடத்தில் அது சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி நிலை அலையாகிறது. 14 அடி நீளக் கூடத்தில் முதல் நிலை அலை ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸிலும் அடுத்தது 82 ஹெர்ட்ஸிலும் அமைவதால், நடுவில் அமர்ந்திருப்பவருக்கு முன்னது ஏறக்குறைய மறைந்துபோக, பின்னது வீங்கி ஒலிக்கிறது. உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொப்பியில் அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கியின் சுருதி வழுக்கிச் செல்வது. அந்த வழுக்கலின் ஒரு துண்டு மட்டும் உறுமி, மற்றொரு துண்டு அமுங்கினால், அந்தக் கையின் நயமெல்லாம் வீணாகிறது. பாஸ் போதவில்லை எனச் சப்வூஃபரின் ஒலியளவுக் குமிழைக் கூட்டுவது, வீங்கிய பகுதியை இன்னும் வீங்கச் செய்யுமே தவிர, மறைந்ததை முழுமையாக மீட்டுத் தராது.

பெரிய பெட்டி வாங்குமுன், இருக்கும் சப்வூஃபரைக் கேட்பவரின் இருக்கையில் வைத்து, பழகிய கச்சேரிப் பதிவொன்றை ஒலிக்கவிட்டுச் சுவரோரமாகக் குனிந்து நடந்து, தொப்பி ஒரே சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டு, பெட்டியை அங்கே மாற்றிவைத்துப் பார்க்க வேண்டும். செலவில்லாத இச்சோதனையை எவரும் தவிர்க்கலாகாது.