சொற்பொழிவை நிறுத்துப் பார்த்தல்



மேடைச் சொல் இனிதாயிருப்பது வேறு, மெய்யாயிருப்பது வேறு. பலர் சொல்லுகின்றனர் என்பதாலோ, சொல்பவர் பெரியவர் என்பதாலோ ஒன்றை ஏற்கலாகாது என்பதே கேசபுத்தத்துக் காலாமருக்குப் பகவான் புத்தர் அருளிய உபதேசத்தின் சாரம். ஆகவே, ஒரு சொற்பொழிவைக் கேட்டால் மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும். அதன் முடிவு யாது? காட்டிய சான்று யாது? அச்சான்றிலிருந்து அம்முடிவு பிறக்கின்றதா?

ஓர் உதாரணம் காண்போம். மைசூருக்குத் தென்கிழக்கேயுள்ள சாமராஜநகருக்கு வரும் முதலமைச்சர் பதவி இழப்பார் என்னும் பேச்சு கருநாடகத்தில் நெடுநாள் வழங்கியது. ராமகிருஷ்ண ஹெக்டே 1988இலும், எஸ். ஆர். பொம்மை 1989இலும், வீரேந்திர பாட்டீல் 1990இலும் இவ்வூருக்கு வந்தபின் பதவி இழந்தனர் என்பதே சான்று. அவர்கள் பதவி இழந்தது மெய்யே. அதனால் முடிவும் மெய்யாகிவிடுமோ?

காரணம் இல்லையேல் காரியம் இல்லை என்பது பௌத்தம் கற்பிக்கும் அளவுகோல். அதனால் அளப்போம்.

ஒன்று: வராதவர் கணக்கு எங்கே? இந்நகரைத் தவிர்த்த எஸ். எம். கிருஷ்ணா 2004இலும், எடியூரப்பா 2011இலும் 2021இலும் பதவி நீங்கினர்.

இரண்டு: வந்தும் நிலைத்தவர் உண்டா? சித்தராமையா பலமுறை வந்தார். 2013 முதல் 2018 வரை முழுக்காலமும் ஆண்டார். 2023இல் மீண்டும் முதலமைச்சரானார்.

மூன்று: வேறு காரணம் உண்டா? ஹெக்டே தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தால் விலகினார். பொம்மையின் அரசை மத்திய அரசு கலைத்தது. அது செல்லாதென 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றுக்கும் ஊருக்கும் என்ன தொடர்பு?

இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. 1997இல் சாமராஜநகர் மாவட்டத்தின் தொடக்க விழாவே அந்நகரில் நடவாமல் மாதேசுவர மலையில் நடந்தது. ஆள்வோர் அஞ்சி ஒதுங்கினால் ஊரார் தம் குறையை யாரிடம் முறையிடுவர்?

நம் முன்னோர் எதிரே வந்தால் அபசகுனம், அவர் நிழல் பட்டால் தீட்டு என்றுரைத்த பேச்சும் இவ்வகைத்தே அன்றோ? எவரும் அதற்குச் சான்று கேட்கவில்லை, தலைமுறைகள் துன்புற்றன. ஒதுக்கப்பட்ட நாம் ஓர் ஊரை ஒதுக்கும் பேச்சுக்குத் தலையசைத்தல் தகுமோ?

பயிற்சி: அடுத்து நீங்கள் கேட்கும் சொற்பொழிவில் முடிவையும் சான்றையும் தனித்தனியே எழுதுங்கள்; மேற்கண்ட மூன்று வினாக்களையும் எழுப்புங்கள். விகாரை மேடையில் நாம் பேசும் பேச்சுக்கும் இதில் விலக்கில்லை. ஆராய்ந்து ஏற்பதே தம்மத்துக்குச் செய்யும் மரியாதை.