மணம் வழிகாட்டும் பூங்கா

நகரங்களில் மக்கள் உலாவுதற்கும் இளைப்பாறுதற்கும் அமைக்கப்பெறும் சோலைகள் பொதுப்பூங்காக்கள் எனப்படும். பொது என்னும் சொல் யாவர்க்கும் உரியது என்னும் பொருளைத் தரும். எனினும், வாயிற்கதவு திறந்திருத்தலால் மட்டும் ஒரு பூங்கா யாவர்க்கும் உரியதாகிவிடாது. வாயிலில் மூன்று படிகள் இருப்பின், சக்கர நாற்காலியில் வருபவர் அங்கேயே நின்றுவிடுவர். மரத்தின் பெயர் தகட்டில் எழுத்தால் மட்டும் எழுதப்பட்டிருப்பின், பார்வையற்ற சிறுவன் அம்மரத்தின் நிழலில் நின்றும் அதன் பெயரை அறியான். 'செடிகளைத் தொடாதீர்' என்னும் பலகையோ, கையையே கண்ணாகக் கொண்டவர்க்குப் பூங்கா முழுவதையும் மூடிவிடுகின்றது.

இத்தடைகளை நீக்க முயன்ற பூங்காக்களுள் ஒன்று அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் உள்ளது. அது 1910ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தாவரவியல் பூங்கா ஆகும். முன்பு சாம்பல் கொட்டிய நிலமும் அதனுள் அடங்கும். இன்று 52 ஏக்கர்ப் பரப்பில் மரமும் கொடியும் செறிந்து விளங்கும் அப்பூங்கா, தொடக்கத்திலிருந்தே கல்வியைத் தன் கடமையாகக் கொண்டது. 1914ஆம் ஆண்டில் எல்லன் எடி ஷா என்னும் அம்மையார் அங்கே சிறுவர் தோட்டம் ஒன்றைத் தோற்றுவித்தார். நகரத்துச் சிறுவர்கள் தமக்கென ஒதுக்கிய பாத்தியில் தாமே விதைத்து, நீர் பாய்ச்சி, விளைந்த காய்களைத் தம் கையாற் பறித்தனர். அத்தோட்டம் நூறாண்டு கடந்து இன்றும் நடைபெற்று வருகின்றது.

1955ஆம் ஆண்டில் அப்பூங்காவில் 'மணத்தோட்டம்' என்னும் புதிய பகுதி அமைந்தது. இதனை வகுத்தவர் புரூக்ளினிலேயே பிறந்த ஆலிஸ் ஐரிஸ் என்னும் நிலவனப்புக் கலைஞர். பார்வைக் குறையுடையோரைக் கருத்திற்கொண்டு அந்நாட்டில் அமைக்கப்பெற்ற முதல் தோட்டம் இதுவே என்பர். இதன் பாத்திகள் தரையோடு தரையாக இராமல், சுவர் எழுப்பி உயர்த்தப்பட்டுள்ளன. ஆதலின், குனிய இயலாத முதியோரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தோரும் கையை நீட்டினால் செடி கையில் வந்து பொருந்தும். செடிகளின் பெயர்கள் புடைப்புப் புள்ளிகளால் ஆகிய பிரெயில் எழுத்திலும் அமைந்துள்ளன.

தோட்டம் நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. தொட்டறியும் செடிகள் ஒரு பகுதி. இலையில் மணமுடையவை ஒரு பகுதி. மலரில் மணமுடையவை ஒரு பகுதி. சமையலுக்குப் பயன்படும் மணப்பூண்டுகள் ஒரு பகுதி. நடுவே நீரூற்று ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கும். அவ்வொலி செவிக்கு இனிமை தருவதோடு, இலைகளைக் கசக்கியவர் கை கழுவிக்கொள்ளவும் அந்நீர் பயன்படுகின்றது. பிற இடங்களில் விலக்கப்படும் தொடுதல், இங்கே கற்கும் முறையாகவே போற்றப்படுகின்றது.

இவ்வாறு கற்பது ஒருபோதும் குறைந்த கல்வி அன்று. புதினா இலையின் மேற்புறத்தில் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. இலையைக் கசக்கும்பொழுது அவை உடைந்து மணம் வெளிப்படுகின்றது. மென்று தின்ன வரும் பூச்சிகளைத் தடுத்தற்கு இத்தகைய எண்ணெய்கள் பல செடிகளுக்குத் துணையாகின்றன. மலரின் மணமோ வேறு நோக்கம் உடையது. அது மகரந்தத்தைச் சுமந்து செல்லும் வண்டினங்களை அழைக்கும். இருளில் மலரும் பூக்கள் பல வெண்ணிறமும் மிகுந்த மணமும் உடையன. இரவில் திரியும் அந்துப்பூச்சிகளுக்கு அம்மணமே வழிகாட்டி. முல்லையைக் காணுமுன்னரே அதன் மணத்தால் மாலை வந்ததை உணரும் தமிழர்க்கு இவ்வுண்மை புதியதன்று. கண் ஒன்றையே நம்பிச் செல்பவர் தவறவிடும் பாடங்களை மூக்கும் விரலும் செவ்வனே கற்பிக்கின்றன. அதனாலன்றோ பார்வையுடையோரும் அத்தோட்டத்திற்கு வந்து இலைகளை முகர்ந்து மகிழ்கின்றனர்! சிலர்க்கென எண்ணிச் செய்தது பலர்க்கும் பயன் தருகின்றது.

தமிழ்நாட்டிலும் இவ்வழியில் முயற்சிகள் தோன்றியுள்ளன. சென்னை மெரினாக் கடற்கரையின் மணற்பரப்பு மிக அகன்றது. மணலிற் சக்கரம் புதையுமாதலின், நாற்காலியில் வருவோர் கடலைத் தொலைவில் நின்று கண்டு மீள்வதே வழக்கமாயிருந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர்களுக்கென 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை திறக்கப்பட்டது. அலையின் அருகே சென்று, உப்புக்காற்றை முகத்தில் ஏற்று, கடலின் இயல்பை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு அதனாற் கிடைத்தது. அடுத்த திங்களிலேயே மாண்டசு புயல் வீச, பாதையின் ஒரு பகுதி சிதைந்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. ஒரு வசதியை அமைத்தலோடு கடமை முடிவதில்லை, அதனைப் பேணுதலும் வேண்டும் என்பதை அப்புயல் உணர்த்திற்று.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொது வசதிகள் அவர்களும் அணுகிப் பயன்படுத்தும் வகையில் அமைதல் வேண்டும் என்கின்றது. ஆகவே, பூங்காவிற் சாய்தளம் கட்டுதல் இரக்கத்தால் இடும் கொடை அன்று. உரியவர்க்கு உரியதை அளித்தலே ஆகும். தமிழைப் பிரெயில் முறையில் எழுத, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951ஆம் ஆண்டு முதலே உண்டு. எழுத்து ஆயத்தமாய் இருக்கின்றது. அதனைத் தாங்கும் தகடுகளே மரத்தடிகளில் வேண்டும்.

பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கனவும் பல உள. படியின் அருகே ஒரு சாய்தளம், இடுப்பளவு உயர்ந்த ஒரு பாத்தி, அதில் துளசியும் கற்பூரவல்லியும் திருநீற்றுப்பச்சையும், கை கழுவ ஒரு நீர்க்குழாய் ஆகியன ஒரு சிற்றூர்ப் பூங்காவிற்கும் எட்டாதவை அல்ல. பள்ளி மாணவர் சுற்றுலாச் செல்லும்பொழுது, நடக்க இயலாத தோழனை வகுப்பிலேயே விட்டுச் செல்லாமல், அவனும் செல்லத்தக்க பாதையைத் தேர்தல் அதனினும் எளிது. செடி தன்னைத் தொடும் கை யாருடையது என வினவுவதில்லை. மணம் தன்னை முகர்வார் யாவர் எனப் பிரித்தறிவதில்லை. இயற்கை காட்டாத வேற்றுமையை மனிதர் கட்டும் படிகளும் வேலிகளும் காட்டுதல் தகாது. பொதுப்பூங்கா அப்பெயர்க்கு உரியதாக விளங்கும் நாளே, அதில் மலரும் பூக்கள் யாவர்க்கும் பொதுவாகும் நாள்.