பாலிமரேஸின் வேகம்: லாச்சப்பலில் இருந்து சக்லே போகும் பிள்ளைக்கு



பாரிஸின் லாச்சப்பலில் வீடு, சக்லே மேட்டில் ஆய்வுகூடம். 'பி' றெயினில் இருந்து வாசிக்க ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டீர். ஒரே ஒரு விஷயம்தான். மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிற நீர், எவ்வளவு கெதியாகச் செய்கிறது என்றும் கேளும்.

இதே பாரிஸில், பாஸ்தர் நிறுவனத்தில், பக்டீரியாவின் மரபணு திறந்து மூடப்படுவதை ழாக்கோப்பும் மொனோவும் 1961இல் விளக்கினார்கள். 1965இல் லூவோவோடு நோபல் பரிசும் வாங்கினார்கள். அந்தச் சித்திரம் எங்களை இன்னும் விடவில்லை. மரபணு 'திறந்தது', 'மூடியது' என்றே எழுதுகிறோம். திறந்த பிறகு பாலிமரேஸ் என்ற நொதி டி.என்.ஏ. மேல் ஊர்ந்துபோய் ஆர்.என்.ஏ.யை உண்டாக்க வேண்டும். அது ஒரே வேகத்தில் ஊர்வதில்லை.

கொப்பன்ஹேகனில் செபஸ்தியான் மார்க்குவார்ட்டின் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வைத் தேடி வாசியும். அரபிடோப்சிஸ் செடியில் 'பாலிமரேஸ் II' என்ற நொதியின் வினைமையத்தை மாற்றி அதைக் கெதியாக ஓடவிட்டார்கள். மரபணுவின் இரு எல்லைகளிலும் அது தங்கும் நேரம் குறைந்தது, முடிவிடத்தைத் தாண்டி அதிகதூரம் ஓடியது. செடியோ, நோய் எதுவும் வராமலே, சாலிசிலிக் அமிலத்தை நம்பிய தற்காப்பு மரபணுக்களைத் தட்டியெழுப்பித் தன்னையே தாக்குவதுபோல நடக்கத் தொடங்கியது. கெதி கூடினால் விளைச்சல் கூடும் என்று யாராவது சொன்னால் இந்தச் செடியைக் காட்டும்.

வெளிச்சமும் வேகத்தை மாற்றும். புவனோஸ் அயர்ஸின் கோர்ன்பிளிட் குழு 2019இல் காட்டியது இதுதான்: வெளிச்சத்தில் பாலிமரேஸ் விரைகிறது, இருட்டில் மெதுவாகிறது. ஆர்.என்.ஏ.யை வெட்டி ஒட்டும் வேலை பெரும்பாலும் பாலிமரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடப்பதால், எந்தத் துண்டு சேரும், எது கழியும் என்பதும் மாறுகிறது. மெதுவாகப் போகும் றெயினில் சின்ன ஸ்டேஷன்காரரும் ஏறுவதுபோல, மெல்ல ஓடினால் பலவீனமான வெட்டிடமும் கண்ணில் படும். (எப்போதும் அப்படியல்ல, அந்த இடைவெளியில் தடுக்கும் புரதமும் வந்து உட்காரலாம்.) ஓட்டத்துக்குத் துணைசெய்யும் டி.எஃப்.ஐ.ஐ.எஸ். என்ற புரதத்தில் குறையுள்ள செடிகள் வெளிச்சத்துக்கு இப்படிப் பதில் சொல்லவில்லை.

அதனால் இலையை எத்தனை மணிக்குப் பறித்தீர், இருட்டறைக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதெல்லாம் சில்லறைக் குறிப்புகள் இல்லை. குளிரும் வேகத்தை மாற்றும். நீர் அளக்கும் மொத்த ஆர்.என்.ஏ. என்பது உண்டானதில் அழிந்தது போக மிஞ்சியது. அதில் வேகம் தெரியாது. பாலிமரேஸில் இன்னும் ஒட்டியிருக்கும் புத்தம்புது ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கப் பழகும். அதுகூட நொதி எங்கே நெருக்கமாக நிற்கிறது என்றுதான் சொல்லும். நெருக்கத்துக்குக் காரணம் மந்தமான ஓட்டமா, கூடுதலான தொடக்கமா என்பதற்கு வேறு பரிசோதனை வேண்டும்.

அடுத்த வரைபடத்தை அனுப்பும்போது விளக்கு அணைந்த நேரத்தையும் ஓரத்தில் எழுதிவிடும்.

அன்புடன்,
உம்முடைய அண்ணை